கைப்பழக்கமும் நாப்பழக்கமும்

ஆறு வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த பிறகு, கிளவுஸ் போடத் தெரியாதவள் என்று பெயர் வாங்கினேன்.

ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்தும் விட்டது. ஆனால் நேராக உள்ளே விடவில்லை. முதலில் சிமுலேஷன் லேபில், அதாவது நிஜம்போலவே அமைத்து பொம்மை வைத்துப் பழக்கும் இடத்தில் பயிற்சி, அப்புறம்தான் நிஜ ஆபரேஷன் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். இரவு டியூட்டியில் தனியாளாக எத்தனை பேஷண்டைப் பார்த்திருக்கிறேன்! எத்தனை டிரெஸ்ஸிங், எத்தனை கதீட்டர். ஒரு ரப்பர் பொம்மை எனக்கு எதைக் கற்றுக்கொடுத்துவிடப் போகிறது?

முதல் நாள் பொம்மை பக்கமே போகவில்லை. கை கழுவ வைத்தார்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு லோஷனைக் கையில் பூசிக்கொண்டு, வழக்கம்போல் ஸ்க்ரப் செய்துவிட்டு, விளக்குக்கு அடியில் கையை நீட்ட வேண்டும். தேய்க்காமல் விட்ட இடமெல்லாம் பளிச்சென்று மின்னும். எனக்கு இரண்டு கட்டைவிரல்களின் அடிப்பகுதியும் இடது கை நகக்கண்களும் மின்னின. நிதானமாகத்தான் கழுவினேன், பொய் சொல்லவில்லை. ஆறு வருடமாக அதே இடங்களை நிதானமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

அடுத்தது கவுனும் கிளவுஸும். வார்டில் நாங்கள் வெறும் கையால் கிளவுஸின் மடிப்பைப் பிடித்து இழுத்து மாட்டுவோம். தியேட்டரில் விரல் கவுனின் கஃப்பைத் தாண்டி வெளியே தெரியவே கூடாது. கவுனின் கைக்குள் ஒளிந்திருக்கும் விரல்களால், துணி வழியாகவே கிளவுஸைப் பிடித்து, அதன் விரல்கள் நம் முழங்கையைப் பார்க்கும்படி முன்கையின் மேல் கவிழ்த்து, கட்டைவிரலுக்கு நேரே கட்டைவிரல் வரும்படி வைத்து, கஃப்பின் மேலாகப் புரட்டி இழுக்க வேண்டும். படிக்கவே குழப்பமாக இருக்கிறதா? செய்யும்போது இதைவிடக் குழப்பம். என் விரல்கள் பழைய பழக்கத்தில் தாமாகவே வெளியே எட்டிப் பார்த்தன. "விரல் வந்துடுச்சு சிஸ்டர், கழட்டுங்க." மறுபடி. "கழட்டுங்க." பதினோராவது தடவைதான் சரியாக வந்தது. படிப்பு முடித்த கையோடு வந்திருந்த சின்னப் பெண் இரண்டாவது தடவையிலேயே போட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

கிளவுஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் எனக்கு நினைவுக்கு வருகிறது. 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனிடம் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் வேலை பார்த்தார். கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசலில் அவருடைய கை வெந்து புண்ணாகிவிட்டது. அவருக்காக ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து வாங்கினார். 1890இல் இருவருக்கும் கல்யாணம். ஆக, தியேட்டருக்குள் ரப்பர் கிளவுஸ் நுழைந்தது பேஷண்டைக் காப்பாற்ற அல்ல, ஸ்க்ரப் நர்ஸின், அதாவது சர்ஜனுக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் நர்ஸின் கையைக் காப்பாற்ற. கிருமித் தொற்றைத் தடுக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

ஸ்டெரைல் எல்லைகள், அதாவது கிருமியில்லாத இடமாக எதுவரை தொடலாம் என்பது எனக்கு மனப்பாடம். கவுனின் முன்பக்கத்தில் நெஞ்சிலிருந்து மேசை மட்டம் வரை சரி. கையில் முழங்கைக்கு 5 செ.மீ. மேலிருந்து கீழே சரி. முதுகு கூடாது, அக்குள் கூடாது. விரித்த துணியின் ஓரத்தில் 2.5 செ.மீ. கூடாது. மேசைக்குக் கீழே தொங்கும் எதுவும் கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய சங்கதி. எங்கள் பயிற்சியாளர் மேடம், கவுன்களை மடித்து வைக்கும்போதே கூடாத இடங்களில் நீலப் பொடியைத் தடவி வைத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. அரை மணி நேரம் டிராலி அடுக்கிய பிறகு எல்லோரையும் கையை விரிக்கச் சொன்னார். என் வலது கிளவுஸில் நாலு விரலிலும் நீலம். எங்கிருந்து? சும்மா நிற்கும்போது கையைக் கட்டிக்கொள்வது என் வழக்கம். விரல் போய் அக்குளில் உட்கார்ந்திருக்கிறது. அக்குள் கூடாது என்று எழுதிய அதே கை.

அந்த லேபில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தடை இருந்தது: "செஞ்சதா வெச்சுக்கலாம்." வேறு சில இடங்களில் நான் பார்த்த பயிற்சியெல்லாம் இந்த வாக்கியத்தில்தான் ஓடியது. கை கழுவியதாக வைத்துக்கொள்வோம், பேஷண்டின் பெயரைச் சரிபார்த்ததாக வைத்துக்கொள்வோம், மருந்தை இரண்டு பேர் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். இப்படி வைத்துக்கொண்டே போனால் கடைசியில் கை கற்றுக்கொள்வது, பரீட்சகருக்கு முன்னால் எதை வாயால் சொல்லிவிட்டுத் தாண்டலாம் என்பதைத்தான். இது எதுவும் கற்காமல் இருப்பதைவிட மோசம் என்பது என் கட்சி. எங்கள் லேபில் பொம்மைக்கு ஊசி போட வேண்டுமென்றால் மருந்துக் குப்பியை உடைக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், உடைத்த குப்பியைச் சரியான டப்பாவில் போட வேண்டும்.

பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நமக்குத்தான் புதிது. 1911இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு நர்ஸிங் பள்ளிக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்பவர் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்தார். "மிஸஸ் சேஸ்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. படுக்கையில் புரட்டுவது, துடைத்துவிடுவது, உடை மாற்றுவது என்று ஒரு தலைமுறை நர்ஸ்கள் அதன் மேல் பழகியிருக்கிறார்கள். இப்போதைய பொம்மைக்கு நாடி துடிக்கிறது, கண்மணி சுருங்குகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஆனாலும் தியேட்டர் வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பெரிய பொம்மை இல்லை. ஒரு துண்டு ஸ்பாஞ்ச், அதன் மேல் விரித்த பச்சைத் துணி, தையல் ஊசியைப் பிடிக்கும் ஒரு நீடில் ஹோல்டர்.

அதற்கு முன்னால் பிளேடு. ஸ்கால்பெல் பிடியில் பிளேடை மாட்டும்போது விரலால் தொடவே கூடாது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிளேடின் முதுகுப் பக்கம் பிடித்து, பிடியின் பள்ளத்தில் சாய்வு சரியாகப் பொருந்தும்படி வழுக்கிவிட வேண்டும். டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நான் முதலில் 22ஆம் நம்பர் பிளேடை 3ஆம் நம்பர் பிடியில் மாட்டப் போராடிக்கொண்டிருந்தேன். 3ஆம் நம்பர் பிடிக்கு 10, 11, 12, 15; 4ஆம் நம்பர் பிடிக்கு 20லிருந்து மேலே. மேடம் ஒன்றும் சொல்லாமல் நான் வேர்த்துப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது போகாது சிஸ்டர், கல்யாணமே ஆகாத ஜோடி அது" என்றார்.

அப்புறம் ஊசி. வளைந்த ஊசியை நீடில் ஹோல்டரின் நுனியில், நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். நூலை ஒட்டிப் பிடித்தால் ஊசி அங்கே வலுவில்லாமல் வளைந்துவிடும். முனையை ஒட்டிப் பிடித்தால் திசுவுக்குள் போக நீளம் மிஞ்சாது. பிடித்ததைச் சர்ஜனின் உள்ளங்கையில் வைக்கும்போது முனை அவருடைய கட்டைவிரல் பக்கம் பார்க்க வேண்டும், நூல் அவர் கையில் சிக்காமல் தனியே தொங்க வேண்டும். இடது கைக்காரராக இருந்தால் எல்லாம் தலைகீழ். பிடியை அவர் உள்ளங்கையில் கொஞ்சம் அழுத்தியே வைக்க வேண்டும், கருவி வந்துவிட்டது என்று அவர் கைக்குத் தெரிய வேண்டும். அவர் காயத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். எடுக்க வைத்தால் அது நம் தவறு. இத்தனையும் ஓரிரு நொடிக்குள். எனக்கு ஆரம்பத்தில் ஆறேழு நொடி ஆனது.

இந்த ஆறேழு நொடிதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டாவது வாரம் முழு ஆபரேஷன் ஒத்திகை. சிலிக்கோன் வயிறு, உள்ளே சிவப்புத் தண்ணீர், சர்ஜனாக ஒரு டாக்டர், மேசைக்கு வெளியே நின்று சாமான் எடுத்துக்கொடுக்கும் சர்குலேட்டிங் நர்ஸாக அந்தச் சின்னப் பெண், ஸ்க்ரப்பில் நான். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணியை மாப் என்போம்; ஐந்து ஐந்தாக இரண்டு பாக்கெட் மாப் பிரித்து, இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணி, பத்து என்று பலகையில் எழுதினோம். நடுவில் ரத்தப்போக்கு, சத்தம், மானிட்டர் அலறல். டாக்டர் வேண்டுமென்றே ஒரு மாப்பைக் கல்லீரலுக்குப் பின்னால் செருகிவிட்டார். வயிற்றை மூடும் முன் எண்ணினேன். ஒன்பது. டாக்டர் கையை நீட்டினார். "மூடலாம். ஸ்டிட்ச் குடுங்க சிஸ்டர்." கொடுத்தேன்.

முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து வீடியோ பார்த்தபடி பேசுவோம். டிப்ரீஃபிங் என்பார்கள். ஒத்திகை பதினைந்து நிமிடம் என்றால் இது அரை மணிக்குக் குறையாது. மாப் விஷயம் வந்தது. "நான் சொன்னேன் மேடம்" என்றேன். நிஜமாகவே சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. ஒன்பதுதான் இருக்கிறது என்று என் குரல் என் காதிலேயே கேட்டிருந்தது. மேடம் வீடியோவைப் பின்னால் ஓட்டினார். நான் குனிந்து எண்ணுவது தெரிகிறது. ஒரு கணம் நிற்கிறேன். கண் மாப்பிலிருந்து நீடில் ஹோல்டருக்குப் போகிறது. ஊசியைத் திருப்பிப் பிடிக்கிறேன், கொடுக்கிறேன். குரல் இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். மூன்று தடவையும் குரல் இல்லை.

அங்கேயே அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். தைரியம் வேண்டும், சீனியர் ஜூனியர் பார்க்கக் கூடாது, பேஷண்டின் உயிர் முக்கியம் என்று ஒரு பிரசங்கம் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் கேட்டது வேறு. "அந்த நாலு செகண்ட்ல உங்க மனசு எங்க இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். டாக்டரிடம் பயம் இல்லை. நன்றாகச் சிரித்துப் பேசுகிறவர். ஊசி முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் என் மொத்தப் புத்தியும் இருந்தது. அதை அப்படியே சொன்னேன். "அவ்வளவுதான்" என்றார். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், ஸ்பாஞ்ச் துண்டுக்கு முன்னால் உட்கார வைத்து, நாற்பது ஊசி எடுத்து வைத்தார். "பேசிட்டே மாட்டுங்க. என்ன வேணா பேசுங்க. பேச்சு நிக்கக் கூடாது."

வாய் பேச வேண்டுமென்றால் கை தன் வேலையை என்னிடம் கேட்காமல் செய்யப் பழகியிருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தியேட்டரில் நர்ஸ் வாய் திறக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அதைக் குணத்தின் விஷயமாகவே பேசுகிறார்கள், ஏதோ சிலருக்குத் தைரியம் உண்டு, சிலருக்கு இல்லை என்பதுபோல. என் விஷயத்தில் அது கைவேலையின் விஷயம். கைக்குத் தெரியாத வேலை வாயை விழுங்கிவிடுகிறது. வண்டி ஓட்டப் பழகும்போது பக்கத்தில் இருப்பவர் கேட்ட கேள்விக்குப் பதில் வராது இல்லையா, அதேதான்.

மாப் எண்ணிக்கை சின்ன விஷயம் இல்லை. வயிற்றுக்குள் விட்டுப்போன பஞ்சும் துணியும் என்ன செய்யும் என்பது வார்டில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேயும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அவசர அறுவை சிகிச்சை, நடுவில் திட்டம் மாறிய அறுவை சிகிச்சை, பருமனான உடல் ஆகிய மூன்றிலும் இந்த ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது அதில் இன்னொன்று: எண்ணியும் உள்ளே விட்டுப்போனவற்றில் பெரும்பாலானவற்றில் "எண்ணிக்கை சரி" என்றே எழுதப்பட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். அதில் கடைசிக் கட்டத்தில், எண்ணிக்கை முடிந்ததை நர்ஸ் எல்லோர் காதிலும் விழும்படி வாயால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. காகிதத்தில் டிக் அடித்தால் போதாது.

சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2005இல் இங்கிலாந்தில் மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவிக்குச் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை. டாக்டர்கள் குழாய் போடுவதிலேயே மூழ்கிவிட்டார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, இதோ இருக்கிறது என்று சொல்லியும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை. கணவர் விமானத் துறையில் இந்தமாதிரி நேரங்களுக்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்பதை மருத்துவத் துறைக்குள் கொண்டுவர அதன் பிறகு பெரும்பாடு பட்டார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த நர்ஸ் எல்லாம் சரியாகத்தான் செய்தார். அவர் சொன்னது அந்த அறையில் ஒரு தகவலாக மிதந்து கரைந்துவிட்டது.

அதனால் எங்களுக்கு வாக்கியமே பழக்கினார்கள். "சார், மாப் பார்த்தீங்களா?" என்று கேட்கக் கூடாது. அது கேள்வி, "பார்த்தேன்" என்று பதில் வந்தால் முடிந்தது. "சார், நிறுத்துங்க. மாப் ஒண்ணு குறையுது. ஒன்பதுதான் இருக்கு. மூட வேண்டாம்." முதலில் கூப்பிடு, பிறகு நடக்க வேண்டியது, பிறகு எண், பிறகு மறுபடி நடக்க வேண்டியது. இதை ஊசி மாட்டுவதுபோலவே நாற்பது தடவை சத்தமாகச் சொன்னேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, சக்‌ஷன் இரைச்சலுக்கு நடுவே. முதல் பத்து தடவை நாடக வசனம் மாதிரி வெட்கமாக இருந்தது. கைக்கு மட்டும் பழக்கம் வேண்டும், நாக்குக்கு வேண்டாம் என்று நாம் ஏன் நினைத்துக்கொள்கிறோமோ தெரியவில்லை.

கையும் வாயும் சேர்ந்து வேலை செய்ததை இன்னொரு ஒத்திகையில் பார்த்தேன். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. பரம்பரையாக வரும் கோளாறு, அபூர்வம். சில மயக்க வாயுக்களும் சக்ஸமெத்தோனியம் என்ற தசை தளர்த்தும் மருந்தும் பட்டதும் தசை விறைத்து, மூச்சில் கரியமில வாயு ஏறி, உடல் கொதிக்கத் தொடங்கும். மருந்து டான்ட்ரோலீன். பழைய வகையில் ஒரு குப்பியில் 20 மில்லிகிராம் தூள். ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஸ்டெரைல் தண்ணீர் விட்டு, தெளியும் வரை குலுக்க வேண்டும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று வைத்தால், 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே 9 குப்பி, அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர். கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் காலாவதியான நிஜக் குப்பியைக் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னபோதுதான் தூள் எவ்வளவு பிடிவாதமாக அடியில் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது. இரண்டாவது குப்பியிலேயே தோள்பட்டை வலி. தனியாளாக முடியாது. அன்றைக்கு என் வாய் முதலிலேயே திறந்தது: "எனக்கு இன்னும் மூணு பேர் வேணும், குலுக்கறதுக்கு மட்டும்." வந்தார்கள். புத்தகம் எனக்கு மில்லிகிராம் சொல்லிக்கொடுத்தது, ஆள் கூப்பிடச் சொன்னது தோள்பட்டைதான்.

பொம்மையால் முடியாததும் நிறைய. கொழுப்பு பிசுபிசுக்கும்போது கருவி கையில் வழுக்குவது லேபில் வரவே வராது. சிலிக்கோன் வழுக்காது. டையதர்மி என்ற மின்கருவி திசுவைச் சுடும்போது வரும் வாசனை இல்லை. மூன்று மணி நேரம் நின்றால் கணுக்கால் வீங்குவதும் இல்லை. எல்லாவற்றையும்விட, மயக்கம் கொடுக்கும் முன் மேசையில் படுத்திருப்பவர் நம் கையைப் பிடித்துக்கொள்கிறாரே, அந்தக் கை இல்லை. ஸ்பீக்கர் வழியாகப் பொம்மை "பயமா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லும். நானும் ஏதோ ஆறுதல் சொல்வேன். இரண்டு பேருக்கும் அது நடிப்பு என்று தெரியும். அந்த இடத்தில் வார்டில் கழித்த ஆறு வருடம்தான் எனக்கு உதவியது, லேப் இல்லை. அமெரிக்காவில் 10 நர்ஸிங் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை நல்ல சிமுலேஷனுக்கு மாற்றினாலும் மாணவிகளின் திறமை குறையவில்லை என்றது. "நல்ல" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டிப்ரீஃபிங்கும் அதில் அடக்கம். பொம்மையை வாங்கி நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆள் போடாத லேபுக்கு அது பொருந்தாது.

பிறகு தியேட்டருக்குப் போனேன். நாலாவது மாதம், இரவு, அவசரமாக வந்த ஒரு வயிறு. நிறைய ரத்தம். மூடப் போகும் நேரம் எண்ணினோம். பதினான்கு. பலகையில் பதினைந்து.

"சார், நிறுத்துங்க. மாப் ஒண்ணு குறையுது. பதினாலுதான் இருக்கு. மூட வேண்டாம்."

லேபில் சொன்ன அதே சொற்கள், அதே ராகம்கூட. சர்ஜன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கை நின்றது. மறுபடி வயிற்றுக்குள் தேடினார். சர்குலேட்டிங் சிஸ்டர் பக்கெட்டில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். இரண்டு மாப் ரத்தத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக எண்ணியிருக்கிறோம். தவறு எங்களுடையதுதான். எனக்குக் காது சுட்டது.

"பதினஞ்சா?" என்றார்.

"பதினஞ்சு சார்."

"சரி, ஸ்டிட்ச்." கையை நீட்டினார். வைத்தேன். அவர் தைக்க ஆரம்பித்து இரண்டு தையல் போன பிறகுதான், ஊசி முனை எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.